பன்னிரண்டாவது வட்டம்

ஓண விடுமுறைக்கு முந்தின நாள் காலை முற்றத்தில் இருந்தவர்கள்: லிபிக்கூடம் அச்சுக்கோப்பு நிறுவனத்தில் நிரல் எழுதிப் படம் போடுகிற ஜலஜா, அவளோடு அதே வேலை செய்யும் ஜெரோமும் நஸீமாவும், மவுஸ் பிடித்துப் படம் போடுகிற பிரிவின் தலைவர் சோமன் உண்ணித்தான், அவருக்குப் பின்னால் கை கட்டிக்கொண்டு அவருடைய ஆட்கள், ஜரிகைக் கரை போட்ட கசவு முண்டு உடுத்திய முதலாளி தரகன் சார், அதே கட்டடத்தின் மேல்மாடியில் இதே தொழில் நடத்தும் நிறுவனத்தின் மொத்தக் கூட்டம், வயிற்றில் தலையணை கட்டி, ஓலைக்குடை பிடித்து, ஓணத்துக்கு வருகிற மாவேலி ராஜாவின் வேஷத்தில் வியர்த்துக்கொண்டிருந்த கேன்டீன்காரர் சசி. பூவால் கோலமிடும் பூக்களப் போட்டிக்கு நடுவரான இடிக்குளா சார் இன்னும் வரவில்லை.

வராததே நல்லது. தரையில் சாக்குக்கட்டியால் வரைந்த பன்னிரண்டு வட்டங்கள் ஒரு பெரிய வளையத்துக்குள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு சுற்றி வர வேண்டும். பதினொன்று தொட்டன. பன்னிரண்டாவதுக்கும் முதலாவதுக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைகிற ஒரு சந்து வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

ஜலஜா அந்தச் சந்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பூவும் முக்கியமில்லை, கோப்பையும் முக்கியமில்லை. அவளுக்கு வேண்டியது ஒரு கதவு.

லிபிக்கூடத்துக்கு வருவதெல்லாம் கணக்குப் புத்தகங்கள். ஹாலந்திலோ ஜெர்மனியிலோ யாரோ எழுதுவார்கள். கரமனை ஆற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவர்கள் அதைப் பக்கங்களாக்கி அனுப்புவார்கள். புத்தகத்தில் வரும் படங்களில் பூனை, பூச்சி, இதயம், இயந்திரம் எல்லாம் உண்ணித்தானுடைய பிரிவுக்குப் போகும். அவர் ஓவியக் கல்லூரியில் படித்தவர், கை சுத்தம். முக்கோணமும் வட்டமும் வளைகோடும் ஜலஜாவிடம் வரும். அவள் கோடு இழுப்பதில்லை. படம் வரைவதற்கென்றே இருக்கிற ஒரு கணினி மொழியில் வரிவரியாக எழுதுவாள். இந்தப் புள்ளிக்கும் அந்தப் புள்ளிக்கும் நடுவே பாதியில் ஒரு புள்ளி. அதிலிருந்து இந்த வட்டத்தைத் தொடும்படி ஒரு கோடு. தொட்ட இடத்துக்கு ஒரு பெயர். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஓர் அரைப்புள்ளி. எழுதி முடித்து ஓட விட்டால் படம் தானே வந்து நிற்கும். அந்த வேலையில் 'இங்கே போடு' என்று சொல்வது பாவம். 'இதைத் தொடுகிற இடத்தில் போடு' என்றுதான் சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்து வைத்த கோடு கண்ணுக்குத்தான் தொடும். நூறு மடங்கு பெரிதாக்கினால் ஒன்று வெட்டிக்கொண்டு போகும், இல்லையென்றால் எட்டாமல் நிற்கும்.

இந்த வேலைக்குத் தேவை ஒன்றே ஒன்று. யாரும் வந்து தோளைத் தட்டக் கூடாது.

ஆனால் அவர்கள் மூவரும் உட்கார்ந்திருந்தது வராந்தாவில். இந்தப் பக்கம் கேன்டீன், அந்தப் பக்கம் கழிவறை, நடுவில் ஒரு நிற்கும் மின்விசிறி. காலையில் மத்தி மீன் பொரிக்கிற புகை, மத்தியானம் கை கழுவப் போகிற கூட்டம். போகிற எல்லோரும் நிற்பார்கள். சேச்சி, ஸ்டாப்ளர் இருக்கா. சேச்சி, சார் உள்ள இருக்காரா. சேச்சி, இது என்ன ஏபிசிடியா எழுதிட்டு இருக்கீங்க, படம் எங்க. தலையில் ஏழு அடைப்புக்குறிகளைத் திறந்து வைத்திருப்பாள், ஆறுதான் மூடுவாள். போன வருஷம் அப்படி ஓர் அடைப்பு தவறி, நீள்வட்டம் ஒன்று கவிழ்ந்தபடி அச்சாகிப்போய், ஆசிரியர் எழுதிய கடிதத்தைத் தரகன் சார் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டினார். அவள் ஸ்டாப்ளரைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும்.

வடக்கு மூலையில் ஓர் அறை காலியாகக் கிடந்தது. பழைய பிழைதிருத்தப் படிகளைப் போட்டு வைத்திருந்தார்கள், எல்லாம் எடைக்குப் போய்விட்டன. ஜன்னலுக்கு வெளியே பலாமரம். கனமான தேக்குக் கதவு, உள்ளும் புறமும் பூட்டலாம். ஜலஜா கேட்டாள். உண்ணித்தானும் கேட்டார். அவருக்கு ஏற்கெனவே ஓர் அறை இருக்கிறது, இருந்தாலும் வடக்கு வெளிச்சம் வேண்டுமாம்.

தரகன் சாருக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது. எதையும் பந்தயமாக்கிவிடுவார். மேல்மாடிக்காரர்கள் மூன்று ஓணமாகப் பூக்களப் போட்டியில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு மாடியேறியது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்று முறையும் லிபிக்கூடத்துக்காகப் பூப் போட்டவர் உண்ணித்தான். ஆகவே இந்த வருஷம் ஜலஜாவின் பிரிவு போடட்டும் என்றார். ஜெயித்தால் அறை அவர்களுக்கு. தோற்றால் உண்ணித்தானுக்கு. சாவியை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தபோது உண்ணித்தான் சிரித்த சிரிப்பை ஜலஜா மறக்கவில்லை. பூவுக்குக் கூட ஃபார்முலா எழுதுவாங்க போல, என்று அவர் தன் ஆட்களிடம் சொன்னதாக நஸீமா வந்து சொன்னாள்.

எழுதினார்கள்தான். ஆனால் அதற்கு முன்னால் ஜலஜா யோசித்தது பூவைப் பற்றி அல்ல, நடுவரைப் பற்றி.

இடிக்குளா சார் ஓய்வுபெற்ற டிராயிங் வாத்தியார். அவர் பூக்களத்தின் நடுவைப் பார்ப்பதே இல்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு விளிம்பைச் சுற்றி நடப்பார். எந்தப் பூக்களத்திலும் ஓர் இடத்தில் திருடியிருப்பார்கள் என்பது அவருடைய கட்சி. ஒரு பக்கத்தில் தொடங்கி இதழ் இதழாகப் போட்டுக்கொண்டு வருவார்கள், சுற்றி முடிக்கும்போது கடைசி இதழுக்கு இடம் போதாது. நெருக்கிப் போடுவார்கள், அல்லது அகட்டிப் போடுவார்கள். அந்த இடத்தைத் தேடித்தான் அவர் நடப்பது. போன வருஷம் உண்ணித்தான் போட்ட மயிலைப் பார்த்துக் கூட்டமே வாயடைத்து நின்றது. சார் மயிலைப் பார்க்கவில்லை. ஓரத்து வளையத்தில் ஓர் இடத்தில் கொத்தாகக் கிடந்த துளசியைக் கைத்தடி நுனியால் விலக்கினார். கீழே பாதி இதழ் நசுங்கிக் கிடந்தது. அங்கேயே மதிப்பெண் போய்விட்டது.

நெருக்காமல், அகட்டாமல், தானாகவே மூடிக்கொள்கிற ஒரு வடிவம் வேண்டும். அது ஜலஜாவிடம் இருந்தது. ஒரு வடிவியல் புத்தகத்துக்காக எழுதிய படம். ஒரே அளவான பன்னிரண்டு வட்டங்களை ஒரு வெளிவட்டத்துக்கும் ஓர் உள்வட்டத்துக்கும் நடுவே வளையமாக அடுக்குவது யாரும் செய்யக்கூடியது. அதோடு நிற்காமல், அந்த மொத்தப் படத்தையும் ஒரு வட்டக் கண்ணாடியில் பிரதிபலிக்கச் சொல்லலாம். நிஜக் கண்ணாடி அல்ல, கணக்கில் உள்ள கண்ணாடி. மூன்று வரி நிரல். கண்ணாடியின் நடுவுக்குக் கிட்டே இருக்கிற வட்டம் ஊதிப் பெரிதாகும், தூரத்தது சுருங்கும், உள்வட்டம் ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் ஒன்று மட்டும் மாறாது. தொட்டுக்கொண்டிருந்தவை தொட்டுக்கொண்டே இருக்கும். பெரியதிலிருந்து சின்னதற்கு இறங்கி மறுபடி பெரியதற்கு ஏறிப் பன்னிரண்டும் கைகோத்து நிற்பதை முதல்முறை திரையில் பார்த்தபோது ஜலஜா, கழிவறைக்குப் போகிற கூட்டத்தின் நடுவே, கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காதவளாக உட்கார்ந்திருந்தாள்.

அச்சிட்ட தாளைத் தரையில் விரித்து அதன்மேல் பூப் போடக் கூடாது என்பது போட்டி விதி. கயிறு, வயர், குச்சி, சாக்குக்கட்டி மட்டும். எனவே நிரலையே அளவுகளைச் சொல்ல வைத்தாள். வெளிவட்டமும் உள்வட்டமும் ஒரு நிரலில். அதை வீட்டில் எழுதினாள். பன்னிரண்டு வட்டங்களின் ஆரங்கள் இன்னொரு நிரலில். அதை ஆபீஸில், புத்தகப் பக்கம் அடுக்கும் மென்பொருளுக்குள்ளேயே வைத்து ஓட்டினாள். ஜெரோமின் அப்பா விழிஞ்ஞத்தில் படகு கட்டுகிறவர். அவருடைய பட்டறையில் ஜெரோம் பன்னிரண்டு ரீப்பர் கட்டைகள் செய்துகொண்டு வந்தான். ஒவ்வொன்றிலும் ஒரு முனையில் ஆணி, மறுமுனையில் சாக்குக்கட்டி நுழைகிற ஓட்டை, நடுவில் எண். வெளிவட்டத்துக்கும் உள்வட்டத்துக்கும் இரண்டு நீளமான வயர். பூவுக்கு நஸீமா சாலைக் கடைத்தெருவுக்குப் போய், தோவாளைப் பூ லாரி வந்து நின்றதும் முதல் ஆளாகக் கூடைகளைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

இப்போது சந்து.

முதலில் சிரித்தது உண்ணித்தானுடைய ஆட்களில் ஒருவன். காலையிலிருந்தே அவர்களுக்குக் கொண்டாட்டம்தான். வட்டம் வட்டமாகத் தரையில் விழுந்தபோதே ஆரம்பித்துவிட்டார்கள்.

"என்ன ஜலஜே, பப்படக் கடை போட்டிருக்கியா?" என்று உண்ணித்தான் கேட்டிருந்தார். "சசி, சத்யை விருந்துக்கு எத்தனை பப்படம் குறையுது, இங்கேருந்து எடுத்துக்கோ."

மாவேலி குடைக்கு அடியிலிருந்து பதில் சொன்னார்: "எனக்கு இதுல பெருசு ஒண்ணு போதும் சேட்டா. இந்தத் தலையணையைக் கழட்டிட்டு அதைக் கட்டிக்கிறேன்."

இப்போது யாரும் ஜோக் அடிக்கவில்லை. அதுதான் மோசம். மேல்மாடிக்காரர்கள் கதகளி முகம் ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பச்சை முகத்துக்கு இலை தூவி, உதட்டுக்குச் செவ்வரளி வைத்து, கிரீடத்தின் ஓரத்து வளையத்தை முடித்துக்கொண்டிருந்தார்கள். அது அழகாகவே இருந்தது. அவர்களில் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு வந்து சந்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவர்களுடைய நடையில் ஓர் உற்சாகம் இருந்தது.

ஜெரோம் வயர் இழுத்துக்கொண்டது என்றான். நஸீமா தரை சரிவாக இருக்கிறது, மழைத் தண்ணீர் போக சரிவு வைத்துத்தானே கட்டியிருப்பார்கள் என்றாள். உண்ணித்தானுடைய ஆள் ஒருவன், ஃபார்முலாவே தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று பொதுவாகக் காற்றிடம் கேட்டான். தரகன் சார் கடிகாரத்தைப் பார்த்தார். உச்சிக்குள் முடிக்க வேண்டும்.

உண்ணித்தான் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். கேலி இல்லாத குரல்.

"ஜலஜே, ரெண்டு விரல் சந்து. துளசியைக் கிள்ளிப் போட்டு மூடு. பூ விழுந்தா எவனுக்கும் தெரியாது."

"அந்தாளுக்குத் தெரியும். போன வருஷம் உங்க துளசியை அவர்தானே கிளறினார்."

"அப்போ பன்னிரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி வை. அகட்டி வை."

"அகட்டினா தொடாது. தொடாத வட்டத்தைத் தரையில போட்டுட்டு நான் எதுக்கு இந்த வேலை பார்க்கணும்?"

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். வடக்கு வெளிச்சம் அவர் முகத்தில் அப்போதே விழுந்துவிட்டதுபோல் இருந்தது.

ஜலஜா குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். வயர் இழுத்தால் வெளிவட்டம் ஓர் இடத்தில் பெரிதாகவும் ஓர் இடத்தில் சிறிதாகவும் இருக்கும். அவள் அளவு நாடா வைத்துப் பார்த்துவிட்டாள், இல்லை. தரை சரிந்தால் வட்டம் முழுசும் சேர்ந்தே சரியும், தொடுவது மாறாது. ஃபார்முலா சரி. கைபேசியில் படம் இருக்கிறது, அதில் பன்னிரண்டும் தொடுகின்றன. படம் பொய் சொல்லவில்லை, தரையும் பொய் சொல்லவில்லை என்றால் நடுவில் இருப்பது அளவு மட்டும்தான். அதைச் சொன்னது அவளுடைய நிரல்.

"நஸீமா, வெளிவட்டம் எவ்வளவு? முதல் கட்டை எவ்வளவு? ரெண்டையும் தாள்ல பார்த்துச் சொல்லு."

நஸீமா படித்தாள். ஜலஜா கைபேசியில் ஒன்றை ஒன்றால் வகுத்தாள். பிறகு நிரலைத் திறந்து, வகுத்தால் என்ன வர வேண்டுமோ அதைப் பார்த்தாள். வந்ததையும் வர வேண்டியதையும் மறுபடி வகுத்தாள்.

ஒன்று புள்ளி பூஜ்யம் பூஜ்யம் மூன்று ஏழு ஐந்து.

வேறு யாராவது அதைப் பார்த்திருந்தால் ஒரு சின்னப் பிசகு என்று நினைத்திருப்பார்கள். ஜலஜாவுக்கு அது பெற்ற பிள்ளையின் பிறந்த நாள் மாதிரி. அச்சுக்கோப்பு வேலையில் இருக்கிற எவருக்கும் அப்படித்தான். புள்ளி என்பது அவர்களுடைய அளவு. பக்கம் அடுக்கும் மென்பொருளின் புள்ளி, அங்குலத்துக்கு எழுபத்திரண்டும் கால் சொச்சமும். படம் வரையும் மொழியின் புள்ளி, அங்குலத்துக்குச் சரியாக எழுபத்திரண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் இதைச் சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு பக்கத்துக்குள் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு தலைமுடி, யாருடைய கண்ணிலும் படாது. நான்கு மீட்டர் முற்றத்தில் தலைமுடிகளை வட்டமாக அடுக்கிக்கொண்டு போனால் கடைசியில் இரண்டு விரல் ஆகும்.

வளையத்தை வீட்டில் எழுதினாள். அது ஒரு புள்ளி. பன்னிரண்டு வட்டங்களை ஆபீஸில் ஓட்டினாள். அது இன்னொரு புள்ளி. யார் வீட்டுக் கோழியோ குப்பையைக் கிளறியது என்று தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. கோழி அவளுடையது.

"தப்பு என்னோடது," என்றாள். "புள்ளி மாறிப்போச்சு. வளையம் ஒரு புள்ளியில இருக்கு, கட்டை இன்னொரு புள்ளியில இருக்கு."

ஜெரோமுக்கு உடனே புரிந்தது. நஸீமாவுக்கும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நெற்றியில் கை வைத்தார்கள். தரகன் சாருக்கும் புரிந்தது, முப்பது வருஷமாக இதே தொழில். அவர் திரும்பிப் பலாமரத்தைப் பார்த்தார்.

பன்னிரண்டு கட்டைகளிலும் ஓட்டையை மாற்றிப் போட வேண்டும் என்றான் ஜெரோம். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு அளவு, ஒன்றுக்கு ஒரு மில்லிமீட்டர், இன்னொன்றுக்கு அரை. அதற்கு விழிஞ்ஞத்துக்குப் போக வேண்டும், அப்பாவின் துளைக்கருவி வேண்டும். அதற்குள் மேல்மாடிக்காரர்கள் சத்யை சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்டிருப்பார்கள்.

அப்போதுதான் ஜலஜா அவளுடைய தொழில் எப்படி யோசிக்குமோ அப்படி யோசித்தாள். நிரலில் ஓர் எண் தப்பாக இருந்தால் அதை நம்பியிருக்கிற பன்னிரண்டு வரிகளை யாரும் திருத்துவதில்லை. எந்தப் புள்ளி சரி என்பது கேள்வியே அல்ல. எல்லாம் ஒரே புள்ளியில் இருந்தால் போதும்.

"கட்டையைத் தொடாதே. பன்னிரண்டை ஏன் மாத்தணும்? வளையத்தை மாத்து. ரெண்டு வயர், நடுவுல ஒரு தூரம். மூணு எண். பூக்களம் ஒரு நகம் சின்னதாகும், அவ்வளவுதான். சின்னதாகக் கூடாதுன்னு விதி இருக்கா சார்?"

விதி இல்லை, நான்கு மீட்டரை மிஞ்சக் கூடாது என்றுதான் இருக்கிறது என்றார் தரகன் சார். பலாமரத்திலிருந்து கண்ணை எடுத்திருந்தார்.

"அப்போ இந்தக் கோடெல்லாம்?" என்றாள் நஸீமா.

ஜலஜா எழுந்தாள். கேன்டீன் வாசலில் தண்ணீர் நிறைந்திருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். காலையிலிருந்து முதுகு ஒடிய வரைந்த பன்னிரண்டு வட்டங்களின் மேலும் அதை ஊற்றினாள். சாக்குக்கட்டி பால் மாதிரிக் கரைந்து சரிவில் ஓடியது. மேல்மாடிக் கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. உண்ணித்தான் கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டார். இந்தப் பெண்ணுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று யாரோ சொன்னது கேட்டது.

ஈரத் தரையில் சாக்குக்கட்டி பிடிக்காது. வராந்தாவிலிருந்து அந்த ஒற்றை மின்விசிறியை ஜெரோம் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். அந்தப் பிரிவுக்குச் சொந்தமென்று அந்த ஆபீஸில் இருந்த ஒரே பொருள் அது. இத்தனை வருஷமும் மீன் புகையை அவர்கள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது, அன்றைக்கு முதல்முறையாக ஓர் உருப்படியான வேலை செய்தது. நஸீமா மாவேலியின் இரண்டாவது வேட்டியை வாங்கித் தரையைத் துடைத்தாள். மாவேலி தடுக்கவில்லை.

வெளிவட்டம்: இரண்டு மீட்டருக்கு ஏழரை மில்லிமீட்டர் குறைச்சல். வயரில் முடிச்சை அவிழ்த்து, நாடாவில் பிடித்து, ஜலஜா தானே கட்டினாள். உள்வட்டத்துக்கும் அப்படியே. இரண்டு மையங்களுக்கும் நடுவே உள்ள தூரத்துக்கும் அப்படியே. வளையம் விழுந்தது. முதல் கட்டை, பெரியது. ஜெரோம் ஆணியைக் கால் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்தான், ஜலஜா மறுமுனையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். இரண்டாவது, வெளிவட்டத்தையும் முதல் வட்டத்தையும் தொட்டது. மூன்றாவது. நான்காவது, ஐந்தாவது. வட்டங்கள் சிறுத்துக்கொண்டே போய், இட்லி அளவுக்கு வந்து, மறுபடி வளரத் தொடங்கின. பதினொன்றாவது முடிந்தபோது மிச்சமிருந்த இடத்தை ஜலஜா பார்க்கவில்லை. கண்ணால் பார்த்து வேலை செய்கிறவள் அல்ல அவள்.

பன்னிரண்டாவது கட்டையை ஜெரோம் ஊன்றினான். அவள் சுற்றினாள். சாக்குக்கட்டி வெளிவட்டத்தின் கோட்டை உரசிக்கொண்டு போனது. பதினொன்றாவதின் கோட்டை உரசியது. உள்வட்டத்தை உரசியது. கடைசிக் கால் சுற்றில், காலையில் சந்து வாய் பிளந்து கிடந்த இடத்தில், முதல் வட்டத்தின் கோட்டின் மேலேயே ஏறி, இரண்டு கோடும் ஒரு கோடாகி, கட்டை வந்த இடத்துக்கே வந்து நின்றது.

மாவேலி குடையை மடக்கினார்.

"சேச்சி," என்றான் ஜெரோம். "தொட்டிருச்சு."

"தொடும்," என்றாள் ஜலஜா. நஸீமாவின் கையைப் பிடித்து எழுந்தாள். "பூவைக் கொண்டா."

பிறகு நடந்தது வெறும் வேலை. பெரிய வட்டத்தில் ஆரஞ்சுச் செண்டுமல்லி, அடுத்ததில் கொஞ்சம் மஞ்சள் கலந்து, அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். சின்னதுக்கு வரும்போது வெறும் வெள்ளைச் செவ்வந்தி. அங்கிருந்து மறுபடி மஞ்சளாகி ஆரஞ்சாகி முதல் வட்டத்திடமே திரும்பி வந்தது. உள்வட்டம் முழுக்க வாடாமல்லி. இடுக்குகளில் மட்டும் துளசி, யாரும் கிளறிப் பார்க்கலாம். உண்ணித்தானுடைய ஆட்கள் இரண்டு பேர் தானாக வந்து உட்கார்ந்து இதழ் கிள்ளிக் கொடுத்தார்கள். உண்ணித்தான் வரவில்லை, ஆனால் அவர்களைத் தடுக்கவும் இல்லை.

இடிக்குளா சார் வந்தார். முதலில் மேல்மாடிக்காரர்களின் கதகளி. முகத்தை ஒரு பார்வை, தலையசைப்பு. பிறகு விளிம்பு. கிரீடத்தின் இடது பக்கத்தில் கைத்தடி நின்றது. அங்கே இரண்டு இதழ் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது. அவர் நகர்ந்தார்.

ஜலஜாவின் பூக்களத்தை ஒரு சுற்று வந்தார். நின்றார். எதிர்த்திசையில் இன்னொரு சுற்று வந்தார். கண்ணாடியைக் கழற்றி முண்டு நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, வட்டமும் வட்டமும் தொடுகிற ஒவ்வோர் இடத்திலும் குனிந்து பார்த்தார். கைத்தடியால் துளசியை விலக்கினார், கீழே சிமென்ட் தரை.

"எங்கேடீ முடிச்சே?" என்றார்.

"இங்க சார்." ஜலஜா கையைக் காட்டினாள்.

அவர் சிரமப்பட்டு ஒரு முட்டியை ஊன்றி உட்கார்ந்தார். மூக்கு பூவில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அவளையும் அப்படியே பார்த்தார்.

"பொய் சொல்றே. இது கடைசி இல்லே. நிஜமா எதுன்னு சொல்லு, மார்க்கைக் குறைக்க மாட்டேன்."

"அதேதான் சார்."

ஜெரோமும் அதே இடத்தைக் காட்டினான். நஸீமாவும் காட்டினாள். சார் மாவேலியைப் பார்த்தார். மாவேலியும் காட்டினார், என் கண்ணால பார்த்தேன் சாரே என்று தலையணைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். எழுந்திருக்கக் கை நீட்டிய சாரைத் தூக்கிவிட்டது உண்ணித்தான்.

"இத்தனை வருஷமா ஓரத்தைச் சுத்துறேன்," என்றார் இடிக்குளா சார், தனக்குத்தானே சொல்வதுபோல். "திருடாத ஓரத்தை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

முடிவை ஒலிபெருக்கியில் சொன்னபோது யாரும் அதைக் கேட்கவில்லை, அதற்கு முன்பே சத்தம் தொடங்கிவிட்டது. கோப்பையை மாவேலி தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினார். தரகன் சார் மேல்மாடி முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார், தேவைக்கு அதிகமாகவே குலுக்கினார். ஜெரோம் மின்விசிறியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். நஸீமா அவளுடைய உம்மாவுக்குப் படம் அனுப்பினாள். சத்யையில் பப்படம் வந்தபோது ஜலஜாவின் இலையில் மட்டும் பன்னிரண்டு வைத்தார்கள், ஓரமாக வட்டமாக, ஒன்றையொன்று தொடும்படி. வைத்தது உண்ணித்தான்.

"பப்படம் ஜெயிச்சிருச்சு," என்றார். "வடக்கு வெளிச்சம் வீணாப்போகுது, அது வேற விஷயம். நீங்க ஜன்னலைத் திறக்கப் போறதில்லே."

"கதவையும் திறக்கப் போறதில்லே சேட்டா," என்றாள் ஜலஜா. பன்னிரண்டையும் தின்றாள்.

கைகழுவிவிட்டு நேரே தரகன் சாரின் மேஜைக்குப் போய்ச் சாவியை எடுத்தாள். அவர் ஏதோ ஒரு சிறு பேச்சு தயார் செய்து வைத்திருந்தார், அதற்குள் அவள் வெளியே வந்துவிட்டாள். வராந்தாவில் மூவரும் கணினிகளின் வயர்களைப் பிடுங்கினார்கள். ஓணத்துக்குப் பிறகு செய்யலாமே என்று நஸீமா கேட்டதற்கு ஜலஜா முறைத்தாள், அதோடு சரி. ஜெரோம் திரைகளையும், நஸீமா விசைப்பலகைகளையும், ஜலஜா மேஜைச் சாமான் போட்ட பெட்டியையும் தூக்கிக்கொண்டு வடக்கு மூலைக்கு நடந்தார்கள். அறையில் பழைய தாளின் மணம். ஜன்னலில் பலாமரம். மத்தி மீன் இல்லை.

பின்னால் யாரோ ஓடி வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. புதிதாகச் சேர்ந்த ஒருத்தி, மேல்மூச்சு வாங்க.

"சேச்சி, சேச்சி, ஸ்டாப்ளர் இருக்கா?"

ஜலஜா பெட்டியைக் கீழே வைத்தாள். ஸ்டாப்ளரை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள்.

"இது இனிமே உன்னோடது. திருப்பித் தராதே. வராந்தாவுல ஒரு கயித்துல கட்டித் தொங்க விடு. யார் கேட்டாலும் கையைக் காட்டு."

அந்தப் பெண் ஸ்டாப்ளரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜலஜா, ஜெரோமுக்கும் நஸீமாவுக்கும் பின்னால் உள்ளே நுழைந்து தேக்குக் கதவைத் தள்ளிச் சாத்தினாள். முற்றத்துச் சத்தம் ஒரு கோடாக மெலிந்து அறுந்தது. தாழ்ப்பாளைப் போட்டாள். பிறகு, அது போதாது என்பதுபோல், சாவியை நுழைத்து இரண்டு சுற்றுச் சுற்றினாள்.